சந்தா சாகிப் ஆஜரா?

எங்கள் பாட்டியின் ஆசீர்வாதம் கொஞ்சம் நீளமானது. காலில் விழுந்து எழுந்தால் "தீர்க்காயுசா இரு" என்பதோடு நிறுத்த மாட்டாள். "கோர்ட்டு, கச்சேரி, ஆஸ்பத்திரி, இந்த மூணு வாசப்படியும் மிதிக்காம இரு" என்று முடிப்பாள். இதில் வேடிக்கை, எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே கோர்ட்டு வாசப்படியால்தான். தாத்தா திருச்சியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. காலையில் ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் தெருவிலிருந்து கக்கத்தில் கேஸ் கட்டோடு கிளம்புவார். சாயங்காலம் அதே கட்டோடு திரும்புவார். "என்ன ஆச்சு?" என்று பாட்டி கேட்பதும், "வாய்தா" என்று அவர் சொல்வதும் விளக்கு வைக்கிற நேரத்தில் தவறாமல் நடக்கும்.

அப்படிப்பட்ட வம்சத்தில் வந்த நான், போன மாதம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரோடு ஒரு பழைய தர்பார் மண்டபத்துக்குப் போய், அங்கே ஒரு கேஸும் நடத்திவிட்டு வந்தேன். பாட்டி இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

என் பெண் படிக்கும் வகுப்பை மலைக்கோட்டைப் பக்கம் இருக்கும் ராணி மங்கம்மாள் மகாலுக்கு, அதாவது திருச்சி அரசு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவதாக வாட்ஸாப் குழுவில் தகவல் வந்தது. "துணைக்கு வர விரும்பும் பெற்றோர் பெயர் கொடுக்கவும்." யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். "என்னிக்குப் போகலாம்னு நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க" என்றார் டீச்சர். நானும் பஞ்சாங்கம் எல்லாம் பார்த்து, பரீட்சை இல்லாத ஒரு வெள்ளிக்கிழமையைச் சொன்னேன்.

தமிழ்நாட்டில் அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இது எனக்கு மகாலின் பூட்டிய கேட்டுக்கு முன்னால், 42 ஜோடிக் கண்கள் என்னைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம். தெப்பக்குளத்தைச் சுற்றிக் காட்டி, மெயின் கார்டு கேட்டில் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து அபராதம் கட்டினேன். "ஆன்ட்டி, வாய்தாவா?" என்றான் ஒரு பையன். என் பெண்தான் வகுப்பில் தாத்தா கதையை அவிழ்த்துவிட்டிருக்கிறாள்.

அடுத்த புதன்கிழமை மறுபடி போனோம்.

அந்த மண்டபத்தைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மதுரை நாயக்கர்களுக்குத் தலைநகர் விஷயத்தில் ஒரு நிலையில்லாத்தனம் உண்டு. திருச்சியிலிருந்து மதுரைக்குப் போனார் திருமலை நாயக்கர். அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் 1660களில் மறுபடி திருச்சிக்கு வந்தார். வந்தவர் சும்மா வரவில்லை; தாத்தா கட்டிய மதுரை அரண்மனையின் ஒரு பகுதியைப் பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே கட்டினார் என்பார்கள். வீடு மாறும்போது ஜன்னல் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம், அந்த ரகம். அவர் கட்டிய அரண்மனையில் மிஞ்சியிருப்பது இந்தத் தர்பார் மண்டபம். ஆனால் ஊர் அவர் பெயரைச் சொல்வதில்லை. அவர் மனைவி பெயரைத்தான் சொல்கிறது. மகனும் அம்மையில் இறந்துபோக, கைக்குழந்தைப் பேரன் விஜயரங்க சொக்கநாதனை மடியில் வைத்துக்கொண்டு 1689 முதல் 1706 வரை ஆண்டவர் மங்கம்மாள். சாலை போட்டார், மரம் நட்டார், சத்திரம் கட்டினார். வழக்குகளையும் கேட்டார்.

தர்பார் என்றதும் பிள்ளைகள் மனசில் சினிமா வருகிறது. சிம்மாசனம், வெண்சாமரம், நடுவில் ஒரு ஆட்டம். அப்படியில்லை. அந்தக் காலத்தில் வரவு செலவு, போர், பஞ்சம், தூதுவர், பங்காளிச் சண்டை எல்லாம் ஒரே கூரையின் கீழ்தான். இன்றைக்கு கலெக்டர் ஆபீஸ், கோர்ட்டு, தலைமைச் செயலகம் என்று மூன்றாகப் பிரித்திருப்பது அன்று ஒரே ஜமுக்காளம். "கச்சேரி" என்ற சொல்லுக்கே முதலில் அந்த அர்த்தம்தான்; பாட்டுக்கச்சேரி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. "அப்ப பாட்டி சொன்ன கோர்ட்டு கச்சேரில பாட்டே இல்லையா?" என்று என் பெண் ஏமாந்தாள்.

1983இல் தொடங்கிய திருச்சி அருங்காட்சியகம் 1997இல் இந்த மண்டபத்துக்குக் குடிவந்தது. தோட்டத்தில் கற்சிலைகள், உள்ளே நாணயங்கள், பாடம் செய்த விலங்குகள், பறவைகள், கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையுள்ள புதைபடிவங்கள். பிள்ளைகள் எதைப் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் இருக்கும் பிராணிகளைத்தான் பார்த்தார்கள். டீச்சர் ஒரு தாளைக் கொடுத்து "பார்த்ததை எழுதுங்க" என்று சொல்லியிருந்தார். எட்டிப் பார்த்தேன். வரிசையாகப் பெயர்ப்பலகையைக் காப்பி அடித்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே வளைவும் குவிமாடமுமாக அவ்வளவு பெரிய மண்டபம் நிற்கிறது. ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். எட்டாம் வகுப்பில் எங்களை மதுரைக்கு, திருமலை நாயக்கர் மகாலுக்குக் கூட்டிப்போனார்கள். "தூண்களை எண்ணுங்க" என்று சார் சொன்னார். 248 என்று விடை அவருக்கே தெரியும். எங்களுக்குத்தான் 243இலிருந்து 251 வரை வந்தது. வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சாதாரணமாக, "ஆமா, அது ஜில்லா கோர்ட்டுன்னா. நான் கட்டெடுத்துண்டு போயிருக்கேனே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேப்பியர் பிரபு கவர்னராக இருந்தபோது, 1866க்கும் 1872க்கும் நடுவில், பாழாகிக் கிடந்த அந்த மகாலைப் பழுது பார்த்தார்கள். அதன் பிறகு பல காலம் அதன் பகுதிகளில் மதுரை மாவட்ட நீதிமன்றம் நடந்தது, 1970 வரை. ஸ்வர்க்க விலாசம் என்று பெயர் வைத்த அரண்மனையில் பாகப்பிரிவினைத் தாவா! "சொர்க்கத்துக்கே போனாலும் பங்காளி விடமாட்டான்" என்று தாத்தா சிரித்தார். நான் எண்ணிய தூண்களில் ஏதோ ஒன்றில் சாய்ந்துகொண்டுதான் அவர் டவாலி கூப்பிடுவதற்காகக் காத்திருந்திருப்பார். அதை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் தூணை எண்ணியிருக்கவே மாட்டேன்.

அதனால்தான் இந்தத் தடவை எண்ணவோ எழுதவோ விடக்கூடாது என்று தீர்மானித்திருந்தேன். தாள்களை வாங்கிக்கொண்டோம். வெளியே சிலைகளுக்கு நடுவில் உட்காரவைத்து ஒரு கேஸைச் சொன்னேன். இந்தக் கோட்டையிலேயே நடந்த கேஸ்.

மங்கம்மாள் வளர்த்த பேரன் விஜயரங்க சொக்கநாதர் 1732இல் பிள்ளையில்லாமல் இறந்தார். அவர் மனைவி மீனாட்சி ஆட்சிக்கு வந்தார். வாரிசு நான்தான் என்று பங்காரு திருமலை என்ற உறவுக்காரர் கிளம்பினார். வீட்டுச் சண்டைக்குள் ஆர்க்காட்டுப் படை நுழைந்தது. அதில் ஒருவர் சந்தா சாகிப், ஆர்க்காட்டு நவாபின் மருமகன். பெருந்தொகை வாங்கிக்கொண்டு ராணிக்குத் துணையாக இருப்பதாகச் சொன்னார். ராணி சத்தியம் கேட்டார். சந்தா சாகிப் குரான் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். ஆனால் சரிகைத் துணிக்குள் இருந்தது குரான் இல்லை, ஒரு செங்கல். இப்படித்தான் காலங்காலமாகக் கதை சொல்லப்படுகிறது. கோட்டைக் கதவு திறந்தது. 1736வாக்கில் கோட்டை அவர் கைக்குப் போனது. ராணி சிறைப்பட்டார், கடைசியில் விஷம் குடித்து இறந்தார். நாயக்கர் ஆட்சி அதோடு முடிந்தது.

"இப்ப சொல்லுங்க, இது என்ன குத்தம்?" என்றேன்.

ஒரு நிமிடம் அமைதி. பின்வரிசையிலிருந்து ஒரு பையன்: "ஆன்ட்டி, செங்கல் மேல சத்தியம் பண்ணா அது சத்தியமே இல்லையே? அப்புறம் எதை மீறினாரு?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. தாத்தாவின் வக்கீல் கேட்டிருந்தால் அவனை ஜூனியராகச் சேர்த்துக்கொண்டிருப்பார்.

"அது செங்கல்னு அவருக்குத்தானடா தெரியும். ராணிக்குத் தெரியாதுல்ல?" என்றாள் ஒரு பெண்.

"ஏன் தெரியல? துணியப் பிரிச்சுப் பாத்திருக்கணும்."

"ஒருத்தர் சாமி புஸ்தகம்னு கொண்டுவந்து வெச்சா, பிரிச்சுக் காட்டுன்னு எப்படிடா கேக்கறது? மரியாதையா இருக்குமா?"

இந்தக் கதையை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ராணி ஏமாந்தார் என்றுதான் மனசில் பதிந்திருந்தது. அவர் ஏமாந்தது இன்னொருவருடைய வேதத்துக்குக் கொடுத்த மரியாதையால் என்று பன்னிரண்டு வயதுப் பெண் சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

சரி, முறையாக நடத்துவோம் என்று முடிவு செய்தோம். நீதிபதியாக மூன்று பேர். ராணி தரப்புக்கு வக்கீலாக வர வகுப்பில் பாதிப்பேர் கை தூக்கினார்கள். சந்தா சாகிப்பாக நிற்க ஒருவரும் தயாரில்லை. டவாலிக்கு நல்ல தொண்டை வேண்டும் என்று ஒருத்தனைப் பிடித்தோம். அவனிடம் தாத்தா சொன்னதைச் சொன்னேன்: கட்சிக்காரர் வரமாட்டார் என்று கோர்ட்டுக்கே தெரிந்தாலும் மூன்று தடவை கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் யார் மேலும் தீர்ப்பு எழுதக்கூடாது.

அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூப்பிட்டான். "சந்தா சாகிப்! சந்தா சாகிப்! சந்தா சாகிப்!" மகாலின் வாசலில் நின்றிருந்த ஊழியர் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் குரலைத் தணிக்கச் சொல்லிவிட்டு, அவரும் நின்று வேடிக்கை பார்த்தார்.

மூன்றாவது குரலுக்கு ஒல்லியாக ஒரு பையன் எழுந்தான். "நான் சந்தா சாகிப் இல்ல. அவரு வக்கீல்" என்று முதலிலேயே தெளிவுபடுத்திவிட்டுத் தொடங்கினான். "கோட்டைக்குள்ள சண்டை போட்டது அவங்க குடும்பம். எங்களைக் கூப்பிட்டதும் அவங்கதான். நாங்க வரலேன்னா வேற யாராச்சும் வந்து புடிச்சிருப்பாங்க." எதிர்த்தரப்பில் கூச்சல். "பக்கத்து வீட்ல சண்டைன்னா வீட்டையே எடுத்துப்பியா?" நீதிபதிகள் மூவரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். டீச்சர் கடிகாரத்தைக் காட்டினார்.

வெளியே வரும்போது இன்னொரு காட்சி. மகால் இருக்கும் கோட்டை வளாகத்தில் தாலுகா ஆபீஸ் மாதிரி அரசு அலுவலகங்களும் இருப்பதால் மனுவோடு வந்த ஜனங்கள் மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பாட்டி எங்கள் பிள்ளை ஒருத்தியை நிறுத்தி, "கண்ணு, இதுல தேதி போட்டிருக்கான்னு பாத்துச் சொல்லு" என்று தன் மனுவைக் காட்டினாள். அவள் மேலும் கீழும் பார்த்து, "போடல பாட்டி" என்றாள். பாட்டி மறுபடி மனு எழுதுகிறவரைத் தேடிப் போனாள். மங்கம்மாள் காலத்தில் ஓலை, இப்போது தாள். காத்திருப்பு அதேதான்.

பிள்ளைகள் அதை விடவில்லை. "ஆன்ட்டி, அந்தக் காலத்துல இந்தப் பாட்டி ராணியப் பாக்க உள்ள போக முடியுமா?" என்று ஒருத்தி கேட்டாள். பஸ்ஸில் ஏறியதும் அதற்குப் பதில் தேடினோம். நம் ஊரிலிருந்தே தொடங்கினேன். மகாலுக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் உறையூர் சோழர் தலைநகர். அந்த ஊர் அவையில் அறம் நிலைத்து நின்றதாகச் சங்கப் புலவர்கள் புகழ்ந்திருக்கிறார்கள். வயதில் சின்னவனான கரிகாலனிடம் தீர்ப்புக் கேட்கக் கிழவர்கள் தயங்கியபோது, அவன் நரைமுடி தரித்துக் கிழவனாக வந்து வழக்கைக் கேட்டான் என்று ஒரு பழைய கதை உண்டு. பிள்ளைகளுக்கு அதைவிடப் பிடித்தது கோவூர் கிழார் கதை. நெடுங்கிள்ளி உறையூருக்கு வந்த ஒரு புலவனை ஒற்றன் என்று நினைத்துக் கொல்லப்போனபோது, குறுக்கே நின்று பேசிக் காப்பாற்றினார். இன்னொரு சமயம் கிள்ளிவளவன், பகைவனான மலையமானுடைய சின்னக் குழந்தைகளை யானைக் காலில் இடப்போனபோதும் அவர்தான் குழந்தைகளுக்காகப் பேசினார். யானையைப் பார்த்த ஆச்சரியத்தில் அந்தக் குழந்தைகள் அழுகையைக்கூட மறந்துவிட்டார்களாம். "அவருக்கு யாரு ஃபீஸ் குடுத்தா?" என்றது ஒரு குரல். யாரும் கொடுக்கவில்லை. ஆனால் புலவருக்கு அவைக்குள் நுழையும் உரிமை இருந்தது, பேசும் வாய் இருந்தது. குழந்தைகளுக்கு இரண்டும் இல்லை.

கண்ணகியை யோசித்துப் பாருங்கள். பாண்டியனிடம் நியாயம் கேட்கப் போனவள் முதலில் வாயிற்காவலனிடம்தான் பேச வேண்டியிருந்தது. மதுரை மகாலில் 1981 முதல் நடந்த ஒலி-ஒளிக் காட்சியில் சிலப்பதிகாரக் கதையும் உண்டு. ஜில்லா கோர்ட்டாக இருந்த கட்டடத்திலேயே கண்ணகி வழக்காடுகிறாள். இதைவிடப் பொருத்தமான மேடை அவளுக்கு வேறு எங்கே கிடைக்கும்? அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்துப் பழைய கோர்ட்டு இப்போது அருங்காட்சியகம். அங்கேயும் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவருகிறார்கள். ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை தனக்கும் குடும்பத்துக்கும் விடுதலை கேட்டுத் தொடுத்த வழக்கு 1847லும் 1850லும் அங்கேதான் விசாரணைக்கு வந்தது. ஏறி இறங்கி 1857இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, கறுப்பர்கள் குடிமக்களே இல்லை, ஆகவே அவருக்கு வழக்குப் போடவே உரிமையில்லை என்பது. வாசப்படியிலேயே நிறுத்திவிட்டார்கள். இங்கிலாந்தில் நாட்டிங்காமில் ஒரு பழைய கோர்ட்டைத் தேசிய நீதி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அங்கே போகும் பிள்ளைகள் நீதிபதியாகவும் ஜூரியாகவும் உட்கார்ந்து கேஸ் நடத்திப் பார்க்கிறார்கள். பழைய நாற்காலியைப் பார்ப்பதோடு நிற்பதில்லை, உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

நம் ஊரில் இன்றைக்குச் சட்டப்படி யாரும் உள்ளே போகலாம். வக்கீல் வைக்கக் காசில்லாவிட்டால் இலவச சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களும் குழந்தைகளும் வருமானக் கணக்குக் காட்டாமலே அதைக் கேட்கலாம். "அப்ப நாங்களே கேஸ் போடலாமா?" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பஸ் காவிரிப் பாலம் ஏறியது. தூரத்தில் ராஜகோபுரம் தெரிந்ததும், மிச்சம் வைத்திருந்த இரண்டாம் பாகத்தைச் சொன்னேன். இதை நான் வேண்டுமென்றேதான் மகாலில் சொல்லாமல் விட்டேன்.

ராணியை ஏமாற்றிய சந்தா சாகிப் நிம்மதியாக ஆளவில்லை. 1741இல் மராத்தியர் திருச்சியைப் பிடித்து அவரைச் சதாராவுக்குக் கைதியாகக் கொண்டுபோனார்கள். விடுதலையாகி, பிரெஞ்சுக்காரர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு மறுபடி திருச்சியை முற்றுகையிட்டார். எதிரில், ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்கு அவரோடு போட்டியிட்ட முகமது அலியும் ஆங்கிலேயரும். நிலைமை கைமீறியதும் பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிப்பும் ஆற்றைத் தாண்டி ஒதுங்கிய இடம் நம்முடைய தீவு. ஸ்ரீரங்கம் கோயிலும் திருவானைக்கா கோயிலும் கோட்டைகளாயின. 1752 ஜூனில் உணவும் வழியும் அடைபட்டுப்போக, சந்தா சாகிப் தஞ்சைப் படைத்தலைவர் மானோஜியிடம் பேசினார். பத்திரமாக வெளியே அனுப்பிவைக்கிறேன் என்று மானோஜி சத்தியம் செய்து கொடுத்தார். நம்பிப் போனவரைப் பிடித்துவைத்தார்கள். சில நாளில் தலை போனது. பதினாறு வருடத்துக்கு முன்னால் எந்தத் தளவாய் மண்டபத்தில் பொய்ச் சத்தியம் செய்தாரோ அதே மண்டபத்தில்தான் வெட்டுப்பட்டார் என்று ஒரு பேச்சு பழைய வரலாற்று நூல்களிலேயே பதிவாகியிருக்கிறது. தலையில்லாத உடலைத் திருச்சி நத்தர்வலி தர்காவில் அடக்கம் செய்தார்கள்.

பஸ்ஸில் கைதட்டல். "செம்ம! அவருக்கும் அதேதான்!" என்று ஒரு கூட்டம். எனக்கும் உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்ததை மறைக்கவில்லை. கதையைச் சொல்கிற யாருக்கும் அந்த இடத்தில் குரல் ஏறும். தெய்வம் நின்று கொல்லும் என்று முடித்துவிட்டால் எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

அந்த ஒல்லிப் பையன் மட்டும் கைதட்டவில்லை. "ஆன்ட்டி, எங்க கட்சிக்காரரை அவங்க ஒண்ணும் கேக்கவே இல்லையே" என்றான்.

கட்சிக்காரர் என்ற சொல்லை நான்தான் அன்று காலையில் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"அவர்தான் ஏமாத்தினார்ல?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"அது வேற கேஸ். அதுக்கு யாராச்சும் விசாரிச்சாங்களா? இதுல அவருக்குத்தான சத்தியம் பண்ணிக் குடுத்தாங்க? அதையும் மீறிட்டாங்க. அப்ப இது தனி கேஸ்."

ராணி தரப்பு வக்கீல் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. காலையில் மரியாதையைப் பற்றிச் சொன்னாளே, அந்தப் பெண் மெதுவாக, "ஆமாம்ல, துணியப் பிரிச்சுப் பாத்திருக்கணும்னு இப்ப அவரைச் சொல்ல முடியுமா?" என்றாள்.

ராஜகோபுரம் வந்துவிட்டது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

பழைய கோர்ட்டுகளுக்கும் தர்பார்களுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போவதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த ஐந்து நிமிடத்தைத்தான் நான் சொல்வேன். கட்டடத்தின் ஆண்டும் தூண்களின் எண்ணிக்கையும் செல்போனில் கிடைக்கும். பிடிக்காத ஆளையும் மூன்று தடவை கூப்பிட வேண்டும், வந்தால் பேச விட வேண்டும் என்பது செல்போனில் கிடைக்காது. போதாக்குறைக்கு இப்போதெல்லாம் அங்கே ஒரு வீடியோ வந்த பத்து நிமிடத்தில் தீர்ப்பே வந்துவிடுகிறது.

கூட்டிப்போகிறவர்களுக்குச் சில உபயோகமான குறிப்புகள். வெள்ளிக்கிழமை வேண்டாம், என் ஐஸ்கிரீம் செலவை நினைத்துக்கொள்ளுங்கள். எழுதும் தாள் கொடுக்காதீர்கள். முதல் அரை மணி பாடம் செய்த விலங்குகளுக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். அதைப் பார்க்காமல் எந்தப் பிள்ளையும் உங்கள் பேச்சைக் கேட்காது. கதையை வெளியே உட்காரவைத்துச் சொல்லுங்கள்; சொல்லும்போது யார் நல்லவர், யார் கெட்டவர் என்று நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். மங்கம்மாளுக்கும் மீனாட்சிக்கும் நடுவில் இருந்த விஜயரங்க சொக்கநாதர் எப்படி இருப்பார் என்று பார்க்க ஆசைப்பட்டால், ஸ்ரீரங்கம் கோயில் அருங்காட்சியகத்தில் அவருடைய தந்தச் சிற்பம் இருக்கிறது. கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் மதுரை மகாலுக்கும் போய்வாருங்கள். இரண்டரை மணி நேரப் பயணம். 2004இல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை வந்த பிறகு திருச்சி மாவட்ட மேல்முறையீடுகளும் அங்கேதான் போகின்றன; நாயக்கர் காலத்து அலைச்சல் இன்னும் தீரவில்லை என்று சொல்லிச் சிரிக்கலாம்.

மறுநாள் டீச்சர் போன் செய்தார். கேஸ் முடியவில்லையாம். சந்தா சாகிப் தரப்பு, மானோஜியையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும் என்று மனுப் போட்டிருக்கிறது. நோட்டுத் தாளில், ஒழுங்காகத் தேதி போட்டு. நீதிபதிகள் மூவரும் கூடிப் பேசி, ராணி தரப்பு வக்கீலுக்கு மாதத் தேர்வு இருப்பதால் விசாரணையைத் தேர்வு முடிந்த திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் என் பெண் பையைக் கழற்றிப் போட்டாள். "என்னடி ஆச்சு கேஸ்?" என்று கேட்டேன்.

"வாய்தா" என்றாள்.

நான் போய் விளக்கேற்றினேன்.